அண்டாவின் தோளில் என் பேர்

என் பேரை ஒருவர் மூடினார். அழித்தார் என்றால்கூட ஆறிப்போயிருக்கும். மூடினார். அலுமினியத்தை உருக்கி, காற்றோடு சேர்த்து என் பேர் மேல் பீச்சி அடித்து மூடினார். அவர் வேற்று மனிதர் இல்லை, என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரியட்டும். பழசை மறந்துவிடு என்று எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் அவள் பேரை வெட்டிக் கொடுப்பார்கள். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், சுரண்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பேர் வெட்டுகிறவர் வந்து உட்கார்ந்தார். சின்ன உளி, சின்னச் சுத்தியல். புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் எழுத்தாகும். பெரிய பித்தளை அண்டா, தவலை, வாளி மாதிரி நிமிர்ந்து நிற்கிற குத்துப்போணி, இன்னும் சில்லறைச் சாமான்கள். என் அம்மா அவர் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றாள்.

"நல்லா ஆழமா வெட்டும்யா. எம் மவ போற வீட்டுல தேய்க்க ஆளு இருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பேரு போயிரக் கூடாது."

"இதுக்கு மேல ஆழமா வெட்டுனா அண்டா ஒழுகும் ஆச்சி."

"ஒழுகுனா உம்ம வாயை வச்சு அடைச்சுக்கிடுதேன். வெட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த அண்டாவின் தோளில் இருந்த எழுத்துகளை என் விரல் கண்ணில்லாமலேயே படிக்கும். என் பேர், அதற்கு முன்னால் ஊர்ப் பேரின் முதல் எழுத்து. தேய்க்கும்போதெல்லாம் விரல் அதன் மேல் போய்வரும்.

பேர் வெட்டுவது அழகுக்கு இல்லை. குடும்பம் பாகம் பிரியும்போது நிலம், வீடு, மாடு, நெல்லுக் குதிர் எல்லாம் பங்குக்கு வரும். பெண்ணின் பேர் வெட்டிய பாத்திரம் மட்டும் வராது. அது அவளுடையது. மாமனார் கேட்க முடியாது, புருஷன் கேட்க முடியாது. ஒரு பெண்ணுக்கு இந்த உலகத்தில் 'என்னுடையது' என்று விரல் வைத்துக் காட்ட அன்றைக்கு இருந்தது அது ஒன்றுதான். அதனால்தான் இதைப் பித்தளைச் சமாசாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் வாழ வந்தது தென்காசி. என் வீட்டுக்காரர் வயலைப் பார்த்துக்கொண்டார். அவருடைய அண்ணன், நான் பெரிய அத்தான் என்று சொல்லும் மனிதர், குற்றாலத்தில் என் மாமனார் வாங்கிப்போட்ட லாட்ஜைப் பார்த்துக்கொண்டார். பெரிய அத்தானோடு நான் நேருக்கு நேர் பேசியது கிடையாது. புருஷனின் அண்ணனுக்கு முன்னால் தம்பி மனைவி நின்று பேசுவது அந்த வீட்டு வழக்கத்தில் இல்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் மனைவியிடம் சொல்லுவது போலச் சொல்ல வேண்டும். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி. அவளை நான் அக்கா என்பேன்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் லாட்ஜ் நிரம்பிவிடும். அறைக்கு அறை ஆட்கள், எண்ணெய் தேய்க்கிறவர்கள், ஈரத் துண்டுகள், பந்தி பந்தியாகச் சாப்பாடு. அப்போது பெரிய பாத்திரம் பற்றாது. வருஷா வருஷம் என் அண்டாவும் தவலையும் குத்துப்போணியும் வண்டியேறிக் குற்றாலம் போகும், சீசன் முடிந்து திரும்பி வரும். போகும்போது ஈயம் பூசி அனுப்புவேன். வரும்போது கரி பிடித்து வரும். அதற்கெல்லாம் நான் முகம் சுளித்ததில்லை. வீட்டு லாட்ஜ்தானே என்று இருந்தேன்.

அறுபதுகளில் எவர்சில்வர் மோகம் வந்தது. பட்டணத்திலிருந்து சீசனுக்கு வருகிற பெண்கள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பித்தளையிலயா சமைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். பெரிய அத்தானுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அந்தச் சமயத்தில் அவர் சென்னைக்குப் போய் ஏதோ பொருட்காட்சி பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் பூச்சுதான். ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து டார்ச் லைட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற கிண்ணம் மாதிரியான பகுதியை என் வீட்டுக்காரரிடம் காட்டினார்.

"ஏலே, இது எப்படி மினுங்குது பாத்தியா? இதை மெருகு போட்டாங்கன்னு நெனைக்கியா?"

"வேற என்ன செய்தாங்க?"

"ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள்ள இதை வச்சு மூடி, உள்ள இருக்க காத்தைப் பூரா பம்பு வச்சு உறிஞ்சி எடுத்துருதான். பொட்டுக் காத்து கிடையாது. அதுக்குள்ள அலுமினியத்தைக் காய்ச்சுனா ஆவியாப் போயி, பனி படியுத மாதிரி எல்லாப் பக்கமும் படிஞ்சிருது. கண்ணாடி, பொம்மை, பிளாஸ்டிக்கு, எதுல வேணும்னாலும் படியும். நம்ம லாட்ஜ் கண்ணாடிக்கெல்லாம் ரசம் போயிப் போயி மூஞ்சி தெரிய மாட்டேங்குதுல்லா? அந்தப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டா போதும்."

"அண்ணாச்சி, அதை எங்கன வைக்க?" என்றார் என் வீட்டுக்காரர். பெட்டியைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அது.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தின சீசனில்தான் அருவிக்கரைக் கடையில் என் மகளுக்கு வெள்ளி மாதிரி மினுங்குகிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். தலையில் எண்ணெயோடு ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டதும் மினுக்கமெல்லாம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. கிளிப் வெறும் பழுப்பாக நின்றது. அதுவும் இப்படிப் பனி படிந்த சாமான்தான் போலிருக்கிறது.

காற்றை உறிஞ்சுகிற பெட்டி வரவில்லை. அதை யாரும் அவருக்கு விற்கவும் இல்லை. அதற்குப் பதிலாக மதுரையில் ஒரு பட்டறையிலிருந்து ஆள் வந்தார். ஆலைகளில் தேய்ந்துபோன இரும்புத் தண்டுகளுக்கு மேல் உலோகத்தைப் பீச்சி அடித்து, தடிமன் ஏற்றுகிறவராம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆனியில் என் பாத்திரங்கள் வழக்கம் போல வண்டியேறின. "இந்த வருஷம் ஈயம் பூச வேண்டாமாம். அங்கன ஆளு வந்திருக்காம்" என்று ஓரகத்தி சொன்னாள். நல்லதுதானே என்று நான் சும்மா இருந்தேன். ஈயம் பூசுகிறவர் செய்வது எனக்குத் தெரிந்த வேலை. துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சுட வைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உட்புறம் பால் மாதிரி வெளுக்கும். உட்புறம்தான். வெளியே ஒரு சொட்டு விழாது. வெளிப்புறத்தை யாராவது தொடுவார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

சீசன் முடிந்தது. பாத்திரங்கள் திரும்பவில்லை. நானே குற்றாலம் போனேன். லாட்ஜ் பின்கட்டில் சாம்பல் நிறத்தில் மூன்று பாத்திரங்கள் கவிழ்த்துக் கிடந்தன. நான் அவற்றைத் தாண்டிப் போய் என் அண்டாவைத் தேடினேன். அடையாளமே தெரியவில்லை.

லாட்ஜில் சமைக்கிற தவசிப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"அம்மா, நீங்க தாண்டுனதுதான் உங்க அண்டா."

திரும்பி வந்து தோளில் விரலை வைத்தேன். சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது. சுற்றிச் சுற்றித் தடவினேன். ஒரு புள்ளி தட்டுப்படவில்லை.

"என்னத்தைச் செய்தாங்க?"

"மொதல்ல மணலைக் காத்துல வீசி வீசி அடிச்சாங்கம்மா. பித்தளை சொரசொரன்னு ஆயிட்டு. அப்புறம் ஒரு துப்பாக்கி. அதுக்குப் பின்னால அலுமினியக் கம்பி உள்ள போகுது, முன்னால தீ எரியுது. கம்பி உருக உருகக் காத்து அதைத் தூக்கி அடிக்குது. மழைச் சாரல் மாதிரி வந்து ஒட்டுது. உள்ள, வெளிய, எல்லாம் அடிச்சாச்சு. ஆயுசுக்கும் ஈயம் பூச வேண்டாம்னு மொதலாளி சொன்னாக."

"சமையல் எப்படி இருக்கு?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சோறு ஒட்டிக்கிடுது. தேய்ச்சா தேங்காநார்தான் கிழியுது. ஒரு நாள் வச்சிப் பாத்தேன், அப்புறம் வெந்நீர் போட மட்டும் எடுக்குதேன். எவர்சில்வர்ன்னு சொன்னாக, பாத்தா யானைத்தோல் மாதிரி இருக்கு."

அன்றைக்கு அக்கா லாட்ஜில்தான் இருந்தாள். அவளிடம் போனேன்.

"அக்கா, எம் பேரை எங்க?"

"எந்தப் பேரு?"

"அண்டாவுல எங்க அம்மா வெட்டிக் குடுத்த பேரு."

"ஏட்டி, உனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? பழைய பித்தளையைப் புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்திருக்காக. ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியலை, பேரைக் காணோம் ஊரைக் காணோம்னு நிக்கே."

"உங்க சீர்ப் பாத்திரத்துக்கும் அடிச்சாச்சா?"

அவள் தலைமுடியை அள்ளி முடிந்தாள். "என்னோடது பரண்ல இருக்கு. அதையெல்லாம் எடுத்தா தேய்ஞ்சு போயிரும்."

பாருங்கள். அவளுடையது தேய்ந்து போகும், என்னுடையது மூடிப் போகலாம். இதை அவள் சிரிக்காமல் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

அடுத்த மாசிக்குள் அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் உறவான ஒரு பெரியவர் நடுவில் உட்கார்ந்தார். வயல் எங்களுக்கு, லாட்ஜ் அவர்களுக்கு என்று சிக்கலில்லாமல் முடிந்தது. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். நான் தனி அடுப்பு மூட்ட வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

"அக்கா, குற்றாலத்துல கிடக்க எம் பாத்திரம் மூணும் வரணும்னு சொல்லுங்க."

பெரிய அத்தான் பெரியவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "லாட்ஜ் சாமான் லாட்ஜோட சேந்தது. பேரு வெட்டுன சாமான் எதுவும் அங்கன கிடையாது. வேணும்னா ஆள அனுப்பிப் பாத்துக்கிடச் சொல்லுங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இன்றைக்கும் எரிகிறேன். அதில் பொய் இல்லை. போய்ப் பார்த்தால் பேர் இருக்காது. தெரிந்தே சொன்னார். மதுரை ஆளை வரவழைத்தபோது இந்த எண்ணம் அவருக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மினுக்க ஆசையில் செய்திருக்கலாம். ஆனால் மூடின பிறகு, மூடினது வசதியாக இருக்கிறது என்று கண்டுகொண்டார். சமையலுக்கு உதவாத பாத்திரத்தைக்கூடத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

பெரியவர் கதவுப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பேரு இருக்கா?"

"இருந்தது மாமா. அதுக்கு மேல அலுமினியம் அடிச்சிருக்கு."

"கண்ணுல தெரியுதா?"

"தெரியல்லை."

"தெரியாததை வச்சு நான் என்னத்தைம்மா சொல்ல?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு எதிராக அவர் நாக்கு எழும்பாது. அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டபோது தட்டைக் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன். நான் மண்சட்டியில் சமைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி, "மண்சட்டிக் குழம்புக்கு மணம் தனிதான்" என்று என் காதில் விழும்படி சொல்லுவாள்.

வைகாசி முடிகிற சமயம். அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. நான் என் மகளோடு மெயின் அருவியில் குளித்துவிட்டு, ஈரச் சேலையைப் பிழிந்து உடுத்துவதற்காக லாட்ஜ் பின்கட்டுக்குப் போனேன். பாகம் பிரிந்தாலும் அந்த அளவு பாத்தியதை எனக்கு உண்டு. சீசனுக்கு முன்னால் லாட்ஜுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் வெள்ளையடிக்கிறவர் ஒரு பெரிய பாத்திரத்துக்குள் மட்டையை முக்கி முக்கி எடுத்தார்.

என் அண்டா. அதற்குள் சுண்ணாம்பு.

கல்யாணத்துக்கும் சடங்குக்கும் சோறு வடிக்க என் அம்மா கொடுத்த அண்டாவில் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கிறார்கள்.

"யாருய்யா இதுல கரைக்கச் சொன்னது?"

"மொதலாளிதாம்மா. இது எதுக்கும் உதவாத அண்டா, இதுலயே சுண்ணாம்புக் கல்லைப் போட்டு நீத்தும்னாக. தண்ணி ஊத்துனதும் கொதிச்சுப் பொங்கி வெளிய வழிஞ்சுட்டு. நாலஞ்சு நாளா இதுலதான் கெடக்கு. ஆனா இது என்ன அண்டாவோ, சுண்ணாம்பு பட்ட இடமெல்லாம் நுரைச்சுக்கிட்டே இருக்கு, பொருக்குப் பொருக்கா உரியுது."

வெற்றிலை போடுகிற வீட்டில் அலுமினிய டப்பாவில் சுண்ணாம்பு வைக்க மாட்டார்கள். வைத்தால் டப்பாவை அரித்துவிடும். பெரிய அத்தான் நாள் பூராவும் வெற்றிலை போடுகிறவர். அவர் இடுப்பில் இருந்ததும் பித்தளைச் சுண்ணாம்பு டப்பாதான். ஆனால் அண்டா மேல் இருப்பது அலுமினியம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எவர்சில்வர், எவர்சில்வர் என்று ஊரிடம் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் போலிருக்கிறது.

நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். சுண்ணாம்பு வழிந்து காய்ந்திருந்த தோளில் ஈரச் சேலைத் தலைப்பை வைத்துத் தேய்த்தேன். வெள்ளையும் சாம்பலுமாகப் பொருக்கு உதிர்ந்தது. அடியில் மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று. பேர் வெட்டுகிறவரை அம்மா என்ன பாடு படுத்தினாளோ, அந்த ஆழம் மணல் அடிக்கும் தீயடிக்கும் தப்பிக் கிடந்தது.

"யாரும் இதைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பாகம் பிரித்து வைத்த பெரியவர் அருவியில் குளித்துவிட்டு லாட்ஜ் முன்வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சாரல் விழுந்துவிட்டால் தினமும் வருவார். தவசிப்பிள்ளையை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னேன். டம்ளரைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"என்னம்மா ஈரத்தோட நிக்கே? சளி பிடிச்சிரப் போகுது."

"பிடிக்கட்டும் மாமா. இதை வாசிங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே."

"கண்ணாடி எதுக்கு? வெரலை வச்சுத் தடவுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து தடவினார். ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி, என் பேரை அந்த முற்றத்தில் சத்தமாகச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் என் பேரை யாரும் அப்படிச் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. ஏட்டி, ஏளா, தம்பி பெண்டாட்டி என்பதோடு சரி.

சத்தம் கேட்டுப் பெரிய அத்தான் வந்தார். வெற்றிலை வாயோடு நின்றார். பின்னால் ஓரகத்தி.

"என்ன அண்ணாச்சி, சுண்ணாம்புக்குள்ள என்னத்தைத் தேடுதீக?" என்று பெரிய அத்தான் பெரியவரிடம் கேட்டார்.

பெரியவர் பதில் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன். கதவும் இல்லை, அக்காவைப் பார்த்தும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"பெரிய அத்தான், பேரு வெட்டுன சாமான் எதுவும் இங்கன இல்லைன்னீங்க. வந்து பாருங்க."

அவருக்கு நான் பேசினதுதான் முதலில் அதிர்ச்சி. அண்டாவை அப்புறம்தான் பார்த்தார். பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பேரு இருந்தா இருக்கட்டும். மேல அடிச்ச அலுமினியம் நான் அடிச்சது. அதுக்கு என்ன சொல்லுதீக?" என்று பெரியவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"உங்க அலுமினியத்தைச் சொரண்டி எடுத்துக்கிடுங்க. பித்தளையைக் கீழ வச்சிருங்க."

வெள்ளையடிக்கிறவர் மட்டை பிடித்த கையின் புறத்தால் வாயை மூடிக்கொண்டார். பெரியவர் மூடவில்லை, சிரித்துவிட்டார். ஓரகத்திக்குத்தான் முகம் சிவந்தது.

"பாத்தீகளா, மூத்தவருன்னு ஒரு மட்டு மரியாதை இல்லை. நேருக்கு நேரா நின்னு பேசுதா!"

"மூத்தவுக மூத்தவுகளா இருந்தா நான் கதவுக்குப் பின்னால இருந்திருப்பேன் அக்கா. தவலையும் குத்துப்போணியும் எங்க?"

"சீசன் வருது. வெந்நீருக்குப் பாத்திரம் வேணும்" என்றார் பெரிய அத்தான். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

பெரியவர் அவர் தோளில் கையை வைத்தார். "ஏய்யா, பரண்ல உன் வீட்டுக்காரி பாத்திரம் கெடக்குல்லா? அதை எறக்கிக்கிடு. வேணும்னா அதுக்கும் அலுமினியம் அடிச்சுக்கிடு."

ஓரகத்தி விறுவிறுவென்று உள்ளே போனாள்.

தவலையும் குத்துப்போணியும் வந்தன. நானே சுண்ணாம்பை அள்ளி அவற்றின் தோளில் அப்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. மகளை ஊருக்குப் போகிற உறவுக்காரர்களோடு அனுப்பிவிட்டு, பாத்திரங்களின் பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் புளியைப் போட்டுத் தேய்த்ததும் தவலையில் பேர் வந்தது. குத்துப்போணியில் வரவில்லை. அது தகடு மெல்லிசு, ஆழமாக வெட்டினால் ஓட்டை விழும் என்று லேசாகத்தான் வெட்டியிருந்தார்கள். மணல் அதைத் தின்றுவிட்டது. தடவித் தடவிப் பார்த்தேன். "அதையும் எடுத்துட்டுப் போம்மா, யாரு கேக்கப் போறா?" என்றார் பெரியவர். நான் எடுக்கவில்லை. பேர் இல்லாத பாத்திரம் என்னுடையது என்று நான் சொன்னால், பெரிய அத்தான் சொன்னதற்கும் நான் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? குத்துப்போணியை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அது என்னுடையதுதான். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் அதில் வெந்நீர் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்டாவையும் தவலையையும் மாட்டுவண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்தேன். உள்ளே ஒட்டியிருந்ததை எல்லாம் சுண்ணாம்பும் புளியுமாக மாற்றி மாற்றித் தேய்த்து எடுத்தேன். வெளியே அடிப்பக்கம் சாம்பல் திட்டுகள் நிறைய நின்றன. தேய்த்தால் போயிருக்கும். வேண்டுமென்றே விட்டேன். "திரும்பவும் பேரை ஒரு தடவை வெட்டிக்கிடலாமே, எடுப்பாத் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவர். வேண்டாம் என்றேன்.

அதற்கடுத்து இரண்டொரு வருஷத்தில் என் மகள் பெரியவளானாள். சடங்குக்கு ஊரைக் கூட்டினேன். பந்திக்குப் பாயசம் அந்த அண்டாவில்தான் வைத்தேன். வைத்தது மட்டுமில்லை, பேர் இருக்கிற பக்கம் பந்தியைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தேன். பெரிய அத்தான் வந்தார். வராமல் இருக்க முடியாது, பெண்ணுக்குப் பெரியப்பா. அவர் இலைக்கு நானே பாயசம் எடுத்துப் போனேன். அவர் அண்டாவைப் பார்த்தார், அப்புறம் இலையைப் பார்த்தார்.

"பித்தளையாச்சே. ஈயம் பூசியிருக்கா?" என்று கேட்டார். அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"உள்ள மட்டும் பூசியிருக்கு. வெளிய பூச விடல்லை" என்று சொல்லி இன்னொரு கரண்டி விட்டேன்.